ஆணியில் தொங்கிய பெயர்

மொன்றியல்
5 செப்டெம்பர் 1996

துர்க்கா,

நலம் விசாரிக்க இப்போது மனமில்லை. ஒட்டாவாவில், அரசாங்கத்திடம் இருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஸ்காபரோவில் அப்பாவின் டோர்செட் பார்க் வீட்டு விலாசத்துக்குப் போட்டது. கலியாணம் முடித்து இங்கே வரும்போது, என் கடிதங்களை ஒரு வருடத்துக்கு மொன்றியலுக்குத் திருப்பிவிடச் சொல்லித் தபால்கந்தோரில் எழுதிக் கொடுத்தேன். அதனால் இங்கே வந்து சேர்ந்தது. நான் உடைக்கவில்லை. அவர் உடைத்தார். பக்கத்தில் மாமி இருந்தா.

அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். சுபாங்கி பத்மநாதன். என் சின் நம்பர், வேலைக்கென்று அரசாங்கம் தந்த எண். நான் வேலை செய்த கம்பனியின் பெயர். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்தில் என் உடம்பில் பட்ட கதிர்வீச்சு ஐம்பத்தெட்டு மில்லிசீவேர்ட். ஒரு முழு வருடத்துக்கே ஐம்பதைத் தாண்டக் கூடாதாம். உடனே அந்த வேலையில் இருந்து விலக வேண்டும், வைத்தியரைப் பார்க்க வேண்டும். கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது: கர்ப்பமாக இருந்தால் தாமதிக்காமல் அறிவிக்கவும்.

நான் ஐந்து மாதம், துர்க்கா.

ஏப்ரலில் நான் இங்கே பிரெஞ்சு வகுப்பில் இருந்தேன். மே மாதம் முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். என் பெயரும் நம்பரும்தான் ஸ்காபரோவில் வேலைக்குப் போய்வந்தன. இதை இவர்களுக்கு நான் எப்படிச் சொல்வது? என் சின் நம்பரில் நீ வேலை செய்வது இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மாமி அந்தக் கடிதத்தைக் கையால் தொடவில்லை. கறிச்சட்டி இறக்கும் துணியால் பிடித்து மேசையின் மற்றப் பக்கம் தள்ளினா. பிறகு என் வயிற்றைப் பார்த்தா. "பிள்ளை, நீ உதுக்குள்ளை நிண்டோ வேலை செய்தனி?" என்று கேட்டா. இரண்டு நாளாக என் சாப்பாட்டுக் கோப்பையை வேறாகக் கழுவுகிறா.

போன் எடுக்காதே. இங்கே மாமி எடுப்பா, அங்கே என் அப்பா, உன் சித்தப்பா, எடுப்பார். உனக்கும் போனில் குரல் வராது. கடிதம் எழுது. கலியாணத்துக்கு முதல்நாள், வேலை செய்யத்தானே என் பெயரை உனக்குத் தந்துவிட்டு வந்தேன். நீ அதை என்ன செய்தாய்?

சுபாங்கி


ஸ்காபரோ
11 செப்டெம்பர் 1996

அன்பின் அக்கா,

உங்கள் கடிதத்தைக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். ஐம்பத்தெட்டு என்ற இடத்தைத் திரும்பவும் வாசித்தேன். தொட்டியின் விளிம்பில் இருந்தேன். சித்தி கதவைத் தட்டி, "என்னடி, உள்ளுக்கை குடியிருக்கிறியோ?" என்றா. கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

நான் பிழையாக ஒன்றும் செய்யவில்லை அக்கா. செய்ததை எல்லாம் எழுதுகிறேன். எது பிழை என்று நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் முன் கந்தோரில் பைல் பார்த்தீர்கள். என்னை முதலாளி நவரட்ணம் அங்கிள் பின்பக்கம் விட்டார். ரோட்டுப் போடுகிறவர்கள் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க எங்களிடம் மெசின் வாடகைக்கு எடுக்கிறார்கள் அல்லவா? அவை திரும்பி வரும்போது மண்ணும் தாருமாக வரும். நான் அவற்றைத் துலக்குகிறேன். மஞ்சள் பெட்டியில் இருந்து எடுத்து, சரித்துப் பிடித்து, அடிப்பக்கத்தைத் தூரிகையால் தேய்ப்பேன். அடியில் ஒரு சின்ன இரும்பு மூடி இருக்கிறது. மண்ணை அளக்க உள்ளே இருக்கும் கதிர்ப் பொருளை அந்த மூடிதான் மறைக்கிறது என்று என்னோடு வேலை செய்யும் யூஜினி அக்கா சொன்னா. மூடிக்குள் மண் போகும். அதை நான் நன்றாகத் துப்புரவாக்குவேன். என் கையில் வந்த மெசின் ஒன்றும் அழுக்காகத் திரும்பிப் போனதில்லை.

எனக்கு இன்னும் வேலை அனுமதி வரவில்லை என்று சித்தப்பா அங்கிளிடம் சொன்னபோது நானும் நின்றேன். அங்கிள் சிரித்தார். "சுபாங்கி போனாள், சுபாங்கி வந்தாள். கடுதாசிக்கு ஆளைத் தெரியாது, அண்ணை" என்றார். உங்கள் பெயர் போட்ட பட்ஜை என் சட்டையில் அவர்தான் குத்திவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது ஒட்டாவாவுக்குப் போகும், புதிது வரும். அதற்குள் இருக்கும் பிலிம் எங்கள் உடம்பில் எவ்வளவு பட்டது என்று காட்டுமாம்.

மே மாதம் மாகாணப் பரிசோதகர் வந்தார். கந்தோரில் இருந்து பைல்களைப் பார்த்தார், கோப்பி குடித்தார். பிறகு ஒரு வேலையாளைக் காணவேண்டும் என்றிருக்கிறார். அங்கிள் "சுபாங்கி!" என்று கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. இன்னொருமுறை கூப்பிட்டார். யூஜினி அக்கா முழங்கையால் இடித்தபிறகுதான் அது நான் என்று நினைவு வந்தது. "ஷை கேர்ள்" என்று அங்கிள் சொன்னார். பரிசோதகர் நாலைந்து கேள்வி கேட்டார். எனக்குப் பாதி விளங்கவில்லை. தலையை ஆட்டினேன். அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். ஸ்டோர் அறை வாசல் மட்டும் வந்தார், உள்ளே கால் வைக்கவில்லை. அன்று அவர் போட்டிருந்தது புதுச் சப்பாத்து.

அக்கா, அந்த ஐம்பத்தெட்டு உங்கள் உடம்பில் இல்லையென்றால் என் உடம்பில்தானே இருக்கவேண்டும்? என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. நேற்றுச் சோறு பிசையும்போது அந்த எண் நினைவு வந்து, கரண்டியை எடுத்துச் சாப்பிட்டேன். என் கையே எனக்கு அந்நியமாகிவிட்டது. அம்மா வவுனியாவில் என் அகதி வழக்கு முடியும் என்று பார்த்துக்கொண்டு இருக்கிறா. அவவுக்கு இதை எழுதவில்லை.

உங்கள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அது நீங்கள் இல்லை, நான். அதை மட்டும் மாமிக்குச் சொல்லிவிடுங்கள்.

துர்க்கா


மொன்றியல்
17 செப்டெம்பர் 1996

துர்க்கா,

சொல்லிவிட்டேன். முதலில் அவருக்கு. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு வசனம் சொன்னார்: "உன்ரை பேரை நீ உடுப்பு மாதிரிக் குடுத்திட்டு வந்திருக்கிறாய்." பிறகு அவர் மாமிக்குச் சொன்னார். மாமி அழுது, முருகன் படத்துக்கு விளக்கு வைத்து, இப்போது என் கோப்பையை மற்றக் கோப்பைகளோடு கழுவுகிறா. வைத்தியரும் பார்த்தார். பிள்ளை நன்றாக இருக்கிறது.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள். மாமாவைக் கொழும்பில் இருந்து இங்கே குடியேறக் கூப்பிட நான் பொறுப்புக் கையெழுத்து வைத்திருக்கிறேன். பெயரையும் நம்பரையும் கொடுத்தது குற்றமாம். இவர் தன் சிநேகிதர் ஒருவரிடம் யாருக்கோ நடந்தது என்பதுபோல் கேட்டுப் பார்த்தார். என் கையெழுத்தே செல்லாமல் போகலாமாம். உன் அகதி வழக்கும் கெட்டுப்போகும். கள்ளப் பெயரில் வேலை செய்தவளை யார் நம்புவார்கள்?

ஆகவே நான் ஒட்டாவாவுக்கு எழுதுகிறேன்: அந்த வேலையை விட்டுவிட்டேன், வைத்தியரைப் பார்த்துவிட்டேன், நலமாக இருக்கிறேன். மூன்றும் உண்மை. அந்த எண்ணை நானே வைத்துக்கொள்கிறேன். பைலை மூடிவிடுவார்கள். நீ அந்த வேலையில் இருந்து நின்றுவிடு. ஒருவரோடும் பேசாதே. பேசாமல் இருப்பது உனக்குப் புதிதில்லையே.

உடம்புக்கு ஏதும் வித்தியாசமாகத் தெரிந்தால் எழுது.

சுபாங்கி


ஸ்காபரோ
1 ஒக்டோபர் 1996

அன்பின் அக்கா,

நீங்கள் சொன்னபடி நிற்கப் பார்த்தேன். அங்கிள் விடவில்லை. "இப்ப நிண்டியெண்டால் ஏன் நிண்டாளெண்டு கேப்பாங்கள். ஒட்டாவாக்காரர் வந்திட்டுப் போகட்டும்" என்றார்.

அவர்கள் நேற்று வந்தார்கள். எங்களைப் பார்க்க வந்தவர்கள் இல்லையாம். மாகாணப் பரிசோதகர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்ப்பவர்களாம். அவர்கள் போன இடங்களில் சிலவற்றுக்குப் பின்னால் இவர்கள் போவார்களாம். ஐம்பத்தெட்டு வந்ததால் எங்கள் கம்பனி அந்தப் பட்டியலில் முதலாவது. மே மாதம் வந்த பரிசோதகரும் கூடவே வந்திருந்தார். பள்ளியில் தன் கொப்பியை ஆசிரியர் திருத்தும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் போல நின்றார்.

ஒட்டாவாவில் இருந்து வந்தவர்களில் பெரியவர் ஒரு பெண். கட்டையானவ, தலை நரைத்தது, காலில் பழைய சப்பாத்து. அங்கிள் கோப்பி கொடுத்தார், வாங்கவில்லை. பைல்களை நீட்டினார், பிறகு பார்க்கலாம் என்றா. ரேடியோ போன்ற ஒரு சின்னப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நேரே ஸ்டோர் அறைக்குள் போனா. வாசலில் அது டிக், டிக் என்றது. கதவுக்குப் பின்னால் கீழ்த் தட்டுக்குக் கிட்டப் போனதும் ஒரே இரைச்சலாகிவிட்டது. அவ நின்றா. பெட்டியை மேலே தூக்கினா, கீழே இறக்கினா. கடைசியில் சுவரில் இருந்த ஓர் ஆணியைப் பார்த்தா. ஆணிக்குக் கீழே ஒரு சின்னச் சதுரம், மற்றச் சுவரைவிட வெள்ளையாக.

"இங்கே என்ன தொங்கியது?" என்று கேட்டா.

"கலண்டர்" என்றார் அங்கிள்.

அவ என்னைப் பார்த்து, "கலண்டரா?" என்றா. நான் தலையை ஆட்டினேன்.

அக்கா, அது கலண்டர் இல்லை. உங்கள் பட்ஜ்.

இதை முதலே எழுதியிருக்க வேண்டும். முக்கியம் என்று நினைக்கவில்லை. மெசின் கொண்டுவரும் சாரதிகள் பட்ஜை வாசித்து, "ஹேய் சுபாங்கி" என்று கதைக்கத் தொடங்குவார்கள். எந்த ஊர், எத்தனை வயது, ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பார்கள். எனக்கு முகம் எரியும். மற்றவர்கள் எல்லோரும், துலையாமல் இருக்கட்டும் என்று தங்கள் பட்ஜை அங்கிளிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். அதற்கு நான் முன் கந்தோருக்குள் போகவேண்டும். அங்கே எப்போதும் ஆட்கள். அதனால் ஏப்ரலில் இருந்து அதைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டிவிட்டேன். பகலும் அங்கேதான், இரவும் அங்கேதான், சனி ஞாயிறும் அங்கேதான். மே மாதம் பரிசோதகர் வந்த அன்றும் நேற்றும் மட்டும், எல்லோரும் போட வேண்டும் என்று அங்கிள் சொன்னபடியால் எடுத்துப் போட்டேன். ஜூலையில் வந்த பட்ஜும் அந்த ஆணியில்தான் கிடந்தது. ஆகவே உங்களுக்கு இன்னொரு கடிதம் வரும்.

முதலில் எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். அந்த எண் உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை, ஆணியினுடையது. வீட்டுக்கு வரும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. லிப்டில் ஏறும்போது மற்றது விளங்கியது. பெட்டிக்குள் பூட்டி வைத்த மெசின்களுக்குக் கிட்ட அவ்வளவு இருக்கக் கூடாதே. கீழ்த் தட்டில் கிடந்த ஒன்றின் மூடி மூடவில்லை. அதை அவர்கள் தனியாக எடுத்து ஈயப் போர்வை போட்டு வைத்திருக்கிறார்கள். அது எந்த மெசின் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் நீலக் கீறல் இருக்கிறது. அதன் மூடிக்குள்தான் எப்போதும் மண் கூடுதலாக இருக்கும். நான் முகத்தைக் கிட்ட வைத்துப் பார்த்துப் பார்த்துத் துடைத்திருக்கிறேன். அப்போது பட்ஜ் ஆணியில் இருந்தது. என் கை மூடியில் இருந்தது.

என்னில் எவ்வளவு பட்டது என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை பத்தாம் திகதி என்னை விசாரிக்க வருகிறார்கள். என்னை என்றால், சுபாங்கியை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வருவாராம். "பேரைச் சொல்லு, கவனமாத்தான் செய்தனான் எண்டு சொல்லு, வா" என்கிறார் அங்கிள். என்ன செய்ய, அக்கா? வியாழனுக்கு முன் எழுதுங்கள்.

துர்க்கா


மொன்றியல்
7 ஒக்டோபர் 1996, திங்கள்

துர்க்கா,

உன் கடிதத்தை இவர்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆணி! மாமி கைதட்டிச் சிரித்தா. இதைவிட நல்ல செய்தி இல்லை. வியாழக்கிழமை போ. நான்தான் சுபாங்கி என்று சொல். பட்ஜை ஆணியில் மாட்டிவிட்டேன், பிழைதான், மன்னியுங்கள் என்று சொல். எண்ணை அழித்துவிடுவார்கள். மாமாவின் அலுவலும் தப்பும், உன் வழக்கும் தப்பும். ஒரே ஒரு முறை வாயைத் திற, பிறகு வாழ்க்கை முழுக்க மூடிக்கொண்டு இரு.

செவ்வாய், காலை

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். தபாலில் போடுவதற்கு முன் கிளினிக்குக்குப் போனேன். அங்கே என் வைத்தியருக்கு உண்மை எல்லாம் தெரியும். ஆணிக் கதையை அவருக்கும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படியென்றால் அந்தப் பெண்ணின் கைகளை இதுவரை யார் பார்த்தது?" என்று கேட்டார்.

பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்விதான் என்னோடு வந்தது. நீ சுபாங்கியாகப் போய்ச் சொன்னால் பரிசோதிக்கக் கூப்பிடுவதும் சுபாங்கியைத்தான். எனக்கு ஊசி குத்தி இரத்தம் எடுப்பார்கள், ஒன்றுமில்லை என்று எழுதுவார்கள். உன்னை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். கடுதாசியில் நீ இல்லையே. நவரட்ணம் அங்கிள் சொன்னது சரி, கடுதாசிக்கு ஆளைத் தெரியாது.

என் பெயரைச் சொல்லாதே. உன் பெயரைச் சொல். மாமாவின் அலுவல் பிந்தினால் பிந்தட்டும். இதை வீட்டில் அவருக்கு இன்னும் சொல்லவில்லை, இன்று பின்னேரம் சொல்வேன்.

நேற்று எழுதிய பக்கத்தை நான் கிழிக்கவில்லை. நீ அதையும் வாசிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க நான் அப்படி நினைத்தவள்.

அக்கா


ஸ்காபரோ
12 ஒக்டோபர் 1996

அன்பின் அக்கா,

உங்கள் கடிதம் நேற்று, வெள்ளிக்கிழமைதான் வந்தது. நான் வியாழனே சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். இப்போது அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சாப்பாட்டு அறையில் மேசை போட்டிருந்தார்கள். ஒட்டாவாப் பெண், அந்தப் பரிசோதகர், அங்கிள், மொழிபெயர்ப்பாளர், நான். மொழிபெயர்ப்பாளர் அகஸ்ரின் என்று ஒருவர். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, நீ சொல்லுறதைத்தான் நான் சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். ஆறுதலாச் சொல்லு."

வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னதற்காகவே பள்ளியை விட்டவள் நான். முதல் கேள்வி, உன் பெயர் என்ன. இவ்வளவு கஷ்டமான கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. அங்கிள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பெயர் நாக்கில் வந்து நின்றது. கையைப் பார்த்தேன். மேசையில் கிடந்தது. இது சுபாங்கி அக்காவின் கை இல்லை என்று நினைத்தேன்.

"துர்க்கா" என்றேன். அகஸ்ரின் அண்ணைக்குக் கேட்கவில்லை. "கொஞ்சம் பிலத்துச் சொல்லு, பிள்ளை." திரும்பச் சொன்னேன். அங்கிள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். அந்தப் பெண் அவரை இருக்கச் சொன்னா.

அதன்பிறகு எல்லாம் சொன்னேன். ஆணி, கலண்டர், நீலக் கீறல் மெசின். அவ பரிசோதகர் பக்கம் திரும்பி, மே மாத அறிக்கையை எடுத்து வைத்தா. அதில் அவர், 'சுபாங்கி பத்மநாதனுடன் பேசினேன், பாதுகாப்பு முறைகளை நன்கு அறிந்திருக்கிறார்' என்று எழுதியிருக்கிறார்.

"யாரோடு பேசினீர்கள்?"

"பட்ஜ் போட்டிருந்தவரோடு."

"என்ன சொன்னார்?"

அவர் தன் அறிக்கையை இன்னொருமுறை வாசித்தார். "தலையை ஆட்டினார்" என்றார்.

அவருடைய முகம் வெளிறிவிட்டது, அக்கா. எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. நான் எதற்கும் தலையை ஆட்டுகிறவள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பிறகுதான் பெரிய அதிர்ச்சி. அந்தப் பெண் ஒரு தாளைக் காட்டினா. எங்கள் கம்பனியில் பதினொரு பட்ஜ். பத்தில் சைபர். ஒன்றில் ஐம்பத்தெட்டு. "பத்துப் பேர் இந்த மெசின்களோடு நிற்கிறார்கள், எப்படி எல்லோருக்கும் சைபர்?" என்று அங்கிளிடம் கேட்டா. அவர் பைல்களை அடுக்கத் தொடங்கினார். கதவடியில் நின்ற யூஜினி அக்காதான் தமிழில் சொன்னா: "எங்கடையெல்லாம் அங்கிளின்ரை மேசை லாச்சிக்குள்ளைதான் கிடக்குது. பரிசோதனைக்கு ஆள் வரேக்கைதான் எடுத்துத் தருவார்." அகஸ்ரின் அண்ணை அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பரிசோதகர் அந்தப் பத்துச் சைபரையும் பார்த்துவிட்டு நல்ல கம்பனி என்று எழுதியிருக்கிறார். நான் வெட்கத்தில் பிழையான இடத்தில் மாட்டிய ஒன்று இல்லாவிட்டால் இன்றைக்கும் அந்த மெசினை நான் துடைத்துக்கொண்டிருப்பேன்.

பின்னேரம் கதிர்ப் பொருள் இல்லாத வெறும் மெசின் ஒன்றைக் கொண்டுவந்து, "வழக்கம்போலச் செய்" என்றார்கள். தூரிகையைத் தந்தார்கள். நான் துலக்கினேன். அந்தப் பெண் நிலத்தில் முழங்காலில் இருந்து, என் விரலுக்கும் மூடிக்கும் இடையில் அடிமட்டம் வைத்து அளந்தா. அவவோடு வந்த ஒருவர் கையில் மணிக்கூடு. ஆறு நிமிடம். ஒரு நாளில் எத்தனை? எந்த மாதத்தில் கூடுதலாக? எந்தக் கை முதலில்? என் வேலையைப் பற்றி இவ்வளவு கேள்வி ஒருவரும் கேட்டதில்லை. நான் எல்லாவற்றுக்கும் வாயால் பதில் சொன்னேன்.

இரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வர மாதங்கள் ஆகும்.

கம்பனியைப் பூட்டிவிட்டார்கள். "பதினொரு பேற்றை சோத்திலை மண்ணைப் போட்டிட்டாய்" என்று அங்கிள் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். சித்தப்பா என்னோடு கதைப்பதில்லை. சித்தி சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறா. வழக்கில் இதைக் கட்டாயம் கேட்பார்கள், மறைக்காமல் சொல் என்று லோயர் சொன்னார். வழக்கு மார்ச்சில். உங்களுக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. வந்தால் என்னால்தான். அத்தானிடம் சொன்னீர்களா?

துர்க்கா


மொன்றியல்
9 ஜனவரி 1997

அன்பின் துர்க்கா,

மகள் பிறந்து ஆறு நாள். கத்துகிறாள், குடிக்கிறாள், திரும்பக் கத்துகிறாள். விரல் எல்லாம் எண்ணிப் பார்த்தேன். பொய் என்று தெரிந்த பிறகும் அந்த எண் என் தலைக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது.

அவரிடம் அன்றே சொன்னேன். கத்தினார். இப்போது மகளைக் கண்டதும் மறந்ததுபோல இருக்கிறார், மறக்கவில்லை. என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். கொடுத்தேன் என்று சொன்னேன். மாமாவின் அலுவலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நேற்று ஒட்டாவாக் கடிதம் வந்தது. என் பெயருக்கு நேரே ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடு கீறி, சைபர் என்று திருத்தியிருக்கிறார்கள். அதற்குப் பிந்திய மூன்று மாதமும் அப்படியே. உனக்கு வந்ததா? எவ்வளவு என்று எழுது. நல்லது என்றாலும் எழுது, இல்லையென்றாலும் எழுது.

அக்கா


ஸ்காபரோ
18 ஜனவரி 1997

அன்பின் அக்கா,

வந்தது. சித்தப்பாதான் தபால்பெட்டியில் இருந்து எடுத்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "துர்க்கா, உனக்குக் கடிதம்" என்றார். நான் உடைக்கும்வரை போகாமல் பக்கத்தில் நின்றார்.

உடம்புக்கு ஆறு. கைகளுக்கு நூற்று எண்பது. கைகளுக்கு எல்லை வேறாம், அதற்குள்தான் இருக்கிறதாம். இரண்டுக்கும் பக்கத்தில் 'மதிப்பீடு' என்று போட்டிருக்கிறது. மூடி எந்த நாளில் இருந்து மூடவில்லை என்று ஒருவருக்கும் தெரியாதபடியால், இதற்கு மேல் சரியாகச் சொல்ல முடியாதாம். இரத்தம் நன்றாக இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கைகளைக் காட்ட வேண்டும்.

அதை விளங்கப்படுத்த அந்தப் பெண் போனில் கதைத்தா. அகஸ்ரின் அண்ணையும் அதே லைனில் இருந்தார். போன்தான், ஆனாலும் கதைத்தேன். கடைசியில், கேள்வி ஏதும் உண்டா என்று கேட்டா. ஒன்றுதான் இருந்தது. பிறந்த பிள்ளையை நான் தூக்கலாமா?

அவ சிரிக்கவில்லை. கையில் ஒன்றும் ஒட்டிக்கொள்ளவில்லை என்றா. வெயில் பட்ட கை மாதிரி, நிழலுக்கு வந்தபிறகு கையில் வெயில் இருக்காது. பிறகு, யாருடைய பிள்ளை என்று கேட்டா. சுபாங்கியுடையது என்றேன். "தூக்குங்கள்" என்றா.

பெப்ரவரி முதலாம் திகதி சனிக்கிழமை பஸ்ஸில் வரலாமா? மாமி விரும்பாவிட்டால் வரமாட்டேன். வாசலில் நின்று பார்த்துவிட்டும் போவேன்.

துர்க்கா


மொன்றியல்
23 ஜனவரி 1997

அன்பின் துர்க்கா,

மறைக்காமல் எழுதுகிறேன். உன் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் மாமி சொன்னா: "வரட்டும், பாக்கட்டும். ஆனால் பிள்ளையைத் தூக்க விடாதை." வெயில், நிழல் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "வெள்ளைக்காரி அப்பிடித்தான் சொல்லுவாள். அந்தப் பரிசோதகரும் எல்லாம் நல்லமெண்டுதானே எழுதினவன்?" என்று திருப்பிக் கேட்டா. மாமியைப் பிழை சொல்ல முடியவில்லை.

பிறகு அந்த முதல் கடிதத்தை எடுத்து வைத்தேன். மாமி துணியால் பிடித்துத் தள்ளிய அதே கடிதம். "மாமி, இதைக் கண்டு நீங்கள் என்ரை கோப்பையைப் புறம்பாக் கழுவினனீங்கள். ஆனால் பிள்ளையை வேண்டாமெண்டு சொல்லேல்லை. நான் குடுத்த பேராலை வந்தது அவளுக்கு. என்னை வைச்சிருக்கலாமெண்டால் அவளும் தூக்கலாம்" என்றேன். மாமி கடிதத்தைக் கையால் எடுத்து மடித்து, லாச்சிக்குள் வைத்தா. அது ஓம் என்றதா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

நீ வா. சனிக்கிழமை அவருக்கு வேலை. பிள்ளையோடு என்னால் குளிருக்குள் வர முடியாது. மெட்ரோவில் நீயே வரவேண்டும். வழியைக் கடிதத்தின் பின்பக்கம் கீறியிருக்கிறேன். தெரியாவிட்டால் ஆட்களைக் கேள்.

கதவை மாமிதான் திறப்பா. சங்கிலியைக் கழற்றாமல், "ஆர்?" என்று கேட்பா. நீ ஆர் என்று தெரிந்தும் கேட்பா. தலையை ஆட்டாதே. நான் உள் அறையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். எனக்குக் கேட்கிற மாதிரிச் சொல்.

அக்கா